நாய்க்கும் ஒரு காப்புறுதியா?

“மனிசருக்கே காப்புறுதி கட்ட வழியைக் காணோம், நாய்க்கு ஒரு காப்புறுதி வேறு வேண்டிக் கிடக்குதோ?”

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, களுபோவிலையில் உள்ள எமது வீட்டு விறாந்தையில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் எம் தாயார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் விடை பெறாமல் எழுந்து போகிறவர் அல்லர்.

இக்கேள்விக்கு வித்திட்டது இலண்டனிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அங்கு வாழும் எம் தங்கையின் நாய், பூங்காவில் ஓடி விளையாடுகையில் முழங்கால் மூட்டின் நார் அறுந்து நொண்டத் தொடங்கியதாம். சத்திர சிகிச்சைக்குப் பல ஆயிரம் பவுண் செலவாயிற்றாம். அதில் பெரும் பகுதியைக் காப்புறுதிக் கம்பனியே கொடுத்துவிட்டது என்று நிம்மதியோடு கூறிய தங்கை, பேச்சை முடிக்கும்போது, “அண்ணா, மணிக்கு நீங்கள் ஏதும் செய்து வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டாள்.

மணி எமது வீட்டு நாய். சாதி கேட்டால் சொல்லத் தெரியாத பழுப்பு நிற ஊர் நாய். தன் பொருட்டு வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடுவதை அறியாமல், படியிலே முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து படுத்திருந்தது. தாயார் ஒரு கட்சி. உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி பயிலும் எம் மகள் மறு கட்சி. இல்லாள் இரு கட்சிக்கும் தேநீர் வழங்கினாள். தீர்ப்புக் கூறும் பொறுப்பு எம் தலையில் விழுந்தது.

ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு ஒரு பழக்கம் உண்டு. விடை தெரியாத வினாவுக்கு, “நாளை பார்ப்போம்” என்று கூறிவிடுவர். நாமும் அவ்வாறே கூற வாயெடுத்தோம். ஆயின், அச்சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. முன்பொரு நாள் அதே சொல்லை வேறோர் இடத்தில் கூறி, அதன் பலனை நாம் அனுபவித்திருக்கிறோம்.

ஓர் இரவின் கதை

2022ஆம் ஆண்டை நம் நாட்டவர் எவரும் எளிதில் மறக்கமாட்டார்கள். எரிபொருள் நிலையங்களில் நாட்கணக்கில் வரிசை. சமையல் எரிவாயுவுக்கு இன்னொரு வரிசை. ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாவரை ஏறிற்று. கடல் கடந்து வரும் மருந்துகளின் விலையும் அதனோடு ஏறிற்று. மனிதருக்கான மருந்துகளே கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில், மிருகங்களுக்கான மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாண்டு யூன் மாதத்தில் எமது பழைய நாய் ராணி நோயுற்றாள். அவளுக்கு எட்டு வயது. ஒருமுறையும் கருத்தடைச் சிகிச்சை செய்விக்கவில்லை, “வீட்டு மதிலுக்குள் இருக்கும் பிராணிக்கு அது எதற்கு?” என்று இருந்துவிட்டோம். சில நாட்களாக உணவைத் தொடாமல், பாத்திரம் பாத்திரமாகத் தண்ணீர் குடித்தாள். வயிறு உப்பியது. முச்சக்கர வண்டி ஒன்றை வழக்கத்தைப் போல் மும்மடங்கு கூலிக்கு அமர்த்தி, மாலையில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டு சென்றோம்.

அவர் பரிசோதித்துவிட்டு, “கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது. இன்றிரவே சத்திர சிகிச்சை செய்வது நல்லது” என்றார். தொகையையும் சொன்னார். அத்தொகை அப்போது எம் கையில் இல்லை. இருந்திருப்பினும், அந்த மாதத்து அரிசியையும் மகளின் படிப்புச் செலவையும் எண்ணித் தயங்கியிருப்போம் என்பதே உண்மை. “நாளை காலை பணத்தோடு வருகிறோம்” என்று கூறி, ராணியை மடியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

காலையில் கோலம் போடுவதற்காகக் கதவைத் திறந்த எம் தாயாரே முதலில் கண்டார்.

வைத்தியரிடம் குற்றம் இல்லை. தவணை கேட்டவர் நாம். எமது வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. களுபோவில ஆஸ்பத்திரி என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். அங்கே நள்ளிரவில் ஒரு மனிதனைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், “பணம் இருக்கிறதா?” என்று எவரும் கேட்பதில்லை. இலவச வைத்தியத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு, உயிருக்கும் பணப்பைக்கும் இடையே நின்று தீர்மானிக்கும் பழக்கம் குறைவு. நாயை வளர்க்கும்போதுதான் அந்தச் சங்கடம் முதன்முதலாக முகத்தில் அறைகிறது.

ஆகவேதான், அம்மாலை எழுந்த கேள்வியை நாம் வேடிக்கையாகக் கொள்ளவில்லை.

சீட்டும் சகாய சங்கமும்

காப்புறுதி என்பது என்ன? இதனை விளக்க நாம் மேல்நாட்டுப் புத்தகங்களைத் தேட வேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் பெண்கள் பிடிக்கும் சீட்டு ஒன்று இருக்கிறது. நம் ஊர்கள் பலவற்றில் நடக்கும் மரண சகாய சங்கம் மற்றொன்று இருக்கிறது. இரண்டிலும் மாதந்தோறும் பணம் கட்டுகிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சீட்டிலே கட்டிய பணம், முந்தியோ பிந்தியோ, கட்டியவர் கைக்கே திரும்பி வரும். அது சேமிப்பு. மரண சகாய சங்கத்திலோ, எவர் வீட்டில் இழவு விழுகிறதோ அவர் வீட்டுக்கே பணம் போகும். மற்றவர்கள் கட்டியது திரும்பி வராது. திரும்பி வரவில்லையே என்று எவரும் வருந்துவதும் இல்லை. “இவ்வளவு காலம் சந்தா கட்டினோம், வீட்டில் இன்னும் ஒருவரும் சாகவில்லையே, பணம் வீணாயிற்றே!” என்று புலம்பும் மனிதரை நாம் கண்டதுண்டா?

காப்புறுதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. “கட்டிய பணத்துக்கு இலாபம் கிடைக்குமா?” என்று கேட்போர் அதனைச் சீட்டாக எண்ணிக்கொள்கிறார்கள். நாய் ஆயுள் முழுவதும் நோயின்றி இருந்தால் கட்டிய பணம் போனது போனதுதான். அப்பணத்துக்கு நாம் வாங்கியது, தீய நாள் ஒன்று வரின் தனியே நிற்கமாட்டோம் என்ற ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதி, அதற்குக் கேட்கப்படும் விலைக்குத் தகுமா என்பதே ஆராய வேண்டிய வினா.

புதுமை அன்று, பழமையே

மிருகங்களுக்கு வைத்தியம் என்பது இக்காலத்து ஆடம்பரம் என்று சிலர் எண்ணுகின்றனர். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலே அசோகச் சக்கரவர்த்தி பொறித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்குமாக இருவகை வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டதைக் கூறுகின்றது. அவ்வேற்பாடு நடந்த அண்டை நாடுகளாகச் சோழ, பாண்டிய நாடுகளும் தாம்பிரபரணி எனப்பட்ட இலங்கையும் அதிலே குறிக்கப்பட்டுள்ளன. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட புத்ததாச மன்னன் தானே வைத்தியம் அறிந்தவன் என்றும், யானைகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியர்களை நியமித்தான் என்றும் நம் நாட்டு வரலாற்று நூல் கூறும். அக்காலத்தில் செலவை அரசன் ஏற்றான். இக்காலத்தில் நாம் ஏற்க வேண்டியிருக்கிறது; வேறுபாடு அவ்வளவே.

பிராணிகளுக்குக் காப்புறுதி செய்யும் வழக்கம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடன் நாட்டிலே குதிரைகளையும் கால்நடைகளையும் கொண்டு வளரத் தொடங்கிற்று. 1924ஆம் ஆண்டில் அங்கே ஒரு நாய்க்கும் காப்புறுதி செய்யப்பட்டது. இன்று அந்நாட்டு நாய்களுள் பெரும்பாலானவை காப்புறுதி பெற்றவை. பிரித்தானியாவில் 1947ஆம் ஆண்டளவில் இவ்வழக்கம் புகுந்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுக் கம்பனிகள் வளர்ப்புப் பிராணிகளுக்காகக் கொடுத்த இழப்பீடு நூறு கோடிப் பவுணைத் தாண்டிற்று. அமெரிக்காவிலே 1982ஆம் ஆண்டில், இதற்கென்றே தொடங்கப்பட்ட ஒரு கம்பனி தன் முதலாவது பத்திரத்தை, தொலைக்காட்சியில் ‘லாசி’யாகத் தோன்றிய நாய்க்கே வழங்கியது. லாசி கதைகளைப் பார்த்துக் கண்ணீர் விட்ட தலைமுறையினர் இச்செய்தி கேட்டு மகிழ்வர்.

அயல்நாடாகிய இந்தியாவில், பஜாஜ் அலையன்ஸ் என்ற பெயரில் அந்நாளில் இயங்கிய கம்பனி 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வளர்ப்பு நாய்களுக்கான காப்புறுதி ஒன்றை வெளியிட்டது. சத்திர சிகிச்சை, வைத்தியசாலையில் தங்கும் செலவு, மரணம், காணாமற்போதல், பிறரைக் கடித்தால் எழும் பொறுப்பு என்பன அதில் தனித்தனிப் பிரிவுகளாக அமைந்தன. நம் நாட்டிலும் மிருகக் காப்புறுதி புதிதன்று. 1973ஆம் ஆண்டின் கமத்தொழில் காப்புறுதிச் சட்டம் நெல்லோடு கால்நடைகளையும் தன் எல்லைக்குள் கொண்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். பசுவுக்குச் செய்யும் காப்புறுதி, பசு இறந்தால் அதன் விலையைக் கொடுப்பது. பசுவுக்குச் சந்தையில் விலை உண்டு. மணிக்குச் சந்தையில் என்ன விலை? ஒரு சதமும் இல்லை. தெருவில் இனாமாகக் கிடைத்த நாய்க்கு விலையைக் காப்புறுதி செய்வதில் பொருளில்லை. அதன் வைத்தியத்தைக் காப்புறுதி செய்வதில்தான் பொருள் உண்டு. ஆகவே பத்திரத்தை நீட்டும் முகவரிடம் முதலிற் கேட்க வேண்டிய வினா: “நாய் செத்தால் பணமா, நாயைப் பிழைப்பிக்கப் பணமா?” என்பதாகும்.

கரும்பலகைக் கணக்கு

இனி, கணக்குக்கு வருவோம். மறுநாள் வகுப்பிலே மாணவரிடம் இதனையே ஒரு பயிற்சியாகக் கொடுத்தோம். கீழே காணும் எண்கள் யாவும் பயிற்சிக்காக நாம் வைத்துக்கொண்டவையே. எந்தக் கம்பனியின் கட்டணமும் அல்ல.

ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபா என்க. நோய் வந்தால் முதல் 5,000 ரூபாவை நாமே ஏற்க வேண்டும். மீதியில் நூற்றுக்கு 80 பங்கைக் கம்பனி தரும் என்க. சத்திர சிகிச்சைக்கு 80,000 ரூபா செலவாயின், 5,000 போக மீதி 75,000. அதில் கம்பனி தருவது 60,000. எம் கையிலிருந்து போவது 20,000. ஆண்டுக் கட்டணத்தையும் சேர்த்தால் 38,000 ரூபா.

காப்புறுதி செய்யாமல் அதே 18,000 ரூபாவை, மாதம் 1,500 வீதம் உண்டியலில் இட்டால் எப்படி? 80,000 ரூபா சேர நான்கரை ஆண்டுகள் செல்லும். எட்டாம் மாதத்தில் நோய் வந்தால் உண்டியலில் இருப்பது 12,000 ரூபாவே. ஆனால் ஐந்து ஆண்டுகள் நோயின்றிக் கழிந்தால் உண்டியலில் 90,000 ரூபா இருக்கும். காப்புறுதி செய்தவர் கையில் ஒன்றும் இராது.

பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அப்படியென்றால் நாய் எப்போது வருத்தப்படும் என்று தெரிந்தால் கணக்கு முடிந்துவிடும்” என்றான். வகுப்பு சிரித்தது. ஆயினும் அவன் கூறியது சரியான விடையே. அது தெரியாத காரணத்தால்தான் காப்புறுதி என்ற ஒன்றே உலகில் தோன்றிற்று.

இன்னும் ஒரு படி போகலாம். பத்து நாய்களில் ஒன்றுக்கு ஆண்டுதோறும் இத்தகைய சிகிச்சை தேவைப்படும் என்று கொண்டால், கம்பனி தரும் 60,000 ரூபாவைப் பத்து நாய்கள் மீதும் பங்கிட, ஒன்றுக்கு 6,000 ரூபா வரும். நான்கு நாய்களில் ஒன்று எனின் 15,000 ரூபா வரும். இதற்கு மேல் கேட்கப்படுவது கம்பனியின் நிருவாகச் செலவும் இலாபமும் ஆகும். நியாயமான அளவு மேற்செலவு எந்தச் சங்கத்துக்கும் உண்டு. ஆனால் 6,000 ரூபா பெறுமதியான வாக்குறுதிக்கு 18,000 ரூபா கொடுப்பவன், குடையின் விலைக்குக் கைக்குட்டை வாங்கியவன் ஆவான்.

இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகின்றது. உண்டியல் நிரம்பாத முதல் சில ஆண்டுகளில் காப்புறுதி வலிமையுடையது. உண்டியல் நிரம்பியபின் அதன் தேவை குறைகின்றது. வங்கியில் போதிய பணம் வைத்திருப்பவருக்கு அது அவசியமில்லை. ஒரே இரவில் 80,000 ரூபா புரட்ட முடியாத, ஆனால் மாதம் 1,500 ரூபா ஒதுக்கக்கூடிய நடுத்தரக் குடும்பத்துக்கே அது ஆலோசிக்கத் தக்கது. அந்த 1,500 ரூபாவை ஒதுக்கினால் பிள்ளையின் பால்மா குறையும் என்ற நிலையில் உள்ளோர் இவ்விரண்டையும் விட்டு, பின்னால் நாம் கூறும் இலவச வழிகளைப் பற்றிக்கொள்வதே உத்தமம்.

பத்திரத்தைப் படிக்கும் முறை

காப்புறுதிப் பத்திரத்தில் பெரிய எழுத்தில் இருப்பவை ஆசை காட்டும்; சிறிய எழுத்தில் இருப்பவையே பணம் கொடுக்கும், அல்லது மறுக்கும். இத்தகைய காப்புறுதிகளில் பெரும்பாலும் காணப்படும் நிபந்தனைகள் சிலவற்றை வாசகர்கள் மனங்கொள்ளுதல் நன்று.

முதலாவது, காத்திருப்புக் காலம். இன்று கையொப்பமிட்டு நாளை நோய் என்றால் பணம் கிடைக்காது. குறிப்பிட்ட சில நாட்கள் கழிந்த பின்னரே நோய்களுக்கான பாதுகாப்புத் தொடங்கும். நாய் நொண்டத் தொடங்கிய பிறகு முகவரைத் தேடுவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகும்.

இரண்டாவது, முன்பே இருந்த நோய். பத்திரம் எழுதுமுன் கண்ட நோய்க்கும் அதன் தொடர்ச்சிக்கும் பெரும்பாலும் பணம் இல்லை.

மூன்றாவது, வயது. குட்டிகளைக் கம்பனிகள் விரும்பும். முதிய நாய்களைப் புதிதாகச் சேர்க்கத் தயங்கும். சேர்த்திருப்பினும் வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். நாய்க்கு வைத்தியம் மிகுதியாகத் தேவைப்படுவதும் அந்த வயதில்தான் என்பதை மறத்தலாகாது.

நான்காவது, எல்லை. ஆண்டுக்கு இவ்வளவு, ஒரு நோய்க்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கும். தடுப்பூசி, கருத்தடை, பிரசவம் ஆகியவற்றுக்கான செலவு பெரும்பாலும் சேராது. தடுப்பூசி போடத் தவறியதனால் வந்த நோய்க்கும் கைவிரிப்பதுண்டு.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: பணம் எப்போது வரும் என்பது. பல பத்திரங்களில், நாமே முதலில் பணத்தைச் செலுத்திவிட்டுப் பற்றுச்சீட்டுகளை அனுப்பிப் பின்னர் பெற்றுக்கொள்ளும் முறையே உள்ளது. ராணி நோயுற்ற அந்த இரவில் எம்மிடம் இத்தகைய பத்திரம் ஒன்று இருந்திருந்தாலும், சத்திர சிகிச்சை மேசைக்கு முன்னால் நாம் வெறுங்கையோடுதான் நின்றிருப்போம்! எனவே காப்புறுதி செய்பவர்க்கும் ஓர் உண்டியல் வேண்டும். இதனைப் பலர் சிந்திப்பதில்லை.

மேலும், இது எம் நாய்தான் என்று காட்டுவதற்கு நிழற்படம், தடுப்பூசி அட்டை, தோலின் கீழ் வைக்கும் அடையாளச் சில்லு ஆகியவை கேட்கப்படலாம். விடைகளை முகவரின் வாய்மொழியாகக் கொள்ளாது எழுத்திலே பெறுக. பிணக்கு ஏற்படின், முறையிடுவதற்குக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். கம்பனிகளை மேற்பார்வை செய்ய இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழு இருக்கிறது.

காப்புறுதி காக்காதவை

எந்தப் பத்திரமும் செய்யாத காவலைச் சில சிறு காரியங்கள் செய்யும். ராணியின் மரணத்துக்குக் காரணமான கருப்பைச் சீழ், உரிய காலத்தில் கருத்தடைச் சிகிச்சை செய்வித்த பெண் நாய்களுக்கு வருவது மிக அரிது. அச்சிகிச்சைக்கான செலவு, நாம் அன்றிரவு கேட்டுத் திகைத்த தொகையின் ஒரு சிறு பகுதியே. அன்று பணம் இல்லாமற்போனது ஒரு குறை. அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளாக நாம் செய்யாமல் விட்டது அதனினும் பெரிய குறை.

‘பார்வோ’ என்னும் வயிற்றோட்ட நோய் குட்டிகளைச் சில நாட்களுக்குள் கொல்லக்கூடியது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் நிறையும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் போடும் தடுப்பூசி அதனைத் தடுக்கிறது. உண்ணிகளால் பரவும் காய்ச்சல் நம் ஊர் நாய்களை வாட்டுவது. வாரம் ஒருமுறை காதுமடலையும் விரலிடுக்கையும் சோதித்து, வைத்தியர் கூறும் மருந்தைத் தவறாது போட்டு வந்தால் பெருஞ்செலவு மிஞ்சும். வைத்தியசாலை வீதியிலும் கொஹுவளைச் சந்தியிலும் விரையும் வாகனங்களிலிருந்து நாயைக் காப்பது, பூட்டிய கேற்றும் ஒரு கழுத்துப் பட்டியுமே.

எல்லாவற்றுக்கும் மேலானது விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி. இந்நோயால் 1973ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 377 பேர் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் இயக்கம் பரவியதன் பயனாக, அண்மைக் காலத்தில் அது ஆண்டுக்கு 20 முதல் 30 பேர் என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. அறிகுறி தோன்றியபின் இந்நோய்க்கு மருந்து இல்லை. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். இத்தடுப்பூசியை அரசாங்கம் நாய்களுக்கு இலவசமாகவே போட்டு வருகிறது. முகாம் நடைபெறும் நாளைப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் உண்டு என்பதும் நினைவிருக்கட்டும்.

குறைந்த செலவில் வைத்தியம் கிடைக்கும் இடங்களையும் முன்கூட்டியே அறிந்து வைத்தல் நன்று. சென்னையில் உள்ளோருக்கு 1903ஆம் ஆண்டு தோன்றிய வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பெருந்துணை. நம் நாட்டில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைச் சார்ந்து ஒரு போதனா வைத்தியசாலை இயங்குகிறது. அரசாங்க மிருக வைத்திய அலுவலகங்களும் உள. வைத்தியருடைய தொலைபேசி இலக்கத்தைத் தேட வேண்டிய நாள், நாய் நலமாக இருக்கும் நாளேயாகும்.

எமது முடிவு

இவ்வளவையும் கூறி முடித்ததும், தாயார் தம் முதற் கேள்வியை மீண்டும் எடுத்தார். “மனிசர் பட்டினி கிடக்கிற காலத்திலே, இதெல்லாம் தகுமோ?”

நியாயமான கேள்விதான். விடை கூறியவள் மகள். “அப்பாச்சி, தருமர் நாயை வெளியே விட்டுவிட்டுத் தேரில் ஏற மாட்டேன் என்று நின்ற கதையை எனக்குச் சொன்னது நீங்கள்தானே?” என்றாள். தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தருமருக்கு வைத்தியச் செலவு வரவில்லை” என்றார். சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

உலகத்து நாய்களையெல்லாம் காக்கும் கடமை நம் தலையில் இல்லை. ஆனால் ஒரு மழை நாளில் மதிலோரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை உள்ளே எடுத்து, சோறு வைத்து, பெயரும் வைத்துவிட்டால், அதன் பிறகு அது உலகத்து நாய் அன்று. ராணி போன ஆண்டின் இறுதியில் மணி அவ்வாறே வந்தது. தடுப்பூசி போட்ட நாய் எம் வீட்டை மட்டுமன்றி அயல்வீட்டுப் பிள்ளையையும் காக்கின்றது என்பதையும் சேர்த்து எண்ணினால், இது வெறும் செல்லம் என்று தள்ளத் தக்கதன்று.

ஆகவே எமது தீர்ப்பு இவ்வாறு அமைந்தது. முதலில், மணியின் தடுப்பூசி அட்டை அலுமாரிக் கதவில் ஒட்டப்பட்டது. கருத்தடைச் சிகிச்சை சென்ற ஆண்டே முடிந்துவிட்டது. அடுத்து, மாதம் 1,500 ரூபா இடுவதற்கு ஓர் உண்டியல். மூன்றாவதாக, காப்புறுதிக் கம்பனிகளுக்கு மேற்கூறிய வினாக்களைத் தனித்தனியே எழுதி அனுப்பியிருக்கிறோம். வைத்தியத்துக்குப் பணம் தருவதாக, நியாயமான கட்டணத்தில், தெளிவான விடை எழுத்திலே வருமாயின், உண்டியல் நிரம்பும்வரை அதனை ஒரு குடையாகப் பிடித்துக்கொள்வோம். நிரம்பியபின் குடையை மடக்குவோம். தெளிவான விடை வராவிடின், அப்பணமும் உண்டியலுக்கே.

இவற்றோடு இன்னொன்றும் செய்தோம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை. வீட்டார் நால்வரும் கூடி ஒரு தொகையைத் தீர்மானித்து, ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டைக்குக் கீழே ஒட்டினோம். “மணிக்கு ஆபத்து என்றால் இத்தொகை வரை எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை, காலை வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை” என்பது அதன் வாசகம். அத்தொகைக்கு மேற்பட்டால் என்ன செய்வது என்பதை வைத்தியரின் சொற்கேட்டு அப்போது தீர்மானிப்போம். எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அந்த எல்லையை நள்ளிரவில், கலங்கிய மனத்தோடு, முச்சக்கர வண்டிக்குள் அமர்ந்து தேடுவதுதான் தவறு.

காப்புறுதி பயனுள்ளதா என்று கேட்கும் குடும்பங்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே. பத்திரம் வாங்குவதும் விடுவதும் அவரவர் கணக்கைப் பொறுத்தது. ஆனால் அந்தக் கணக்கை நாய் நலமாக வாலாட்டிக்கொண்டிருக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

உண்டியலுக்கு ஒரு பழைய பால்மாத் தகரத்தை எடுத்து, மூடியில் துளையிட்டு, மேசையில் வைத்திருந்தோம். மறுநாள் காலை அதனைத் தூக்கிப் பார்த்தபோது உள்ளே ஏதோ சரசரத்தது. திறந்து பார்த்தோம்: நான்காக மடித்த ஓர் ஐந்நூறு ரூபாத் தாள். மகளைக் கேட்டோம், அவள் அல்லள். இல்லாளைக் கேட்டோம், அவளும் அல்லள்.

தாயார் விறாந்தையில் அமர்ந்து, எம்மைத் திரும்பியும் பாராமல், மணியின் காதுமடலில் உண்ணி தேடிக்கொண்டிருந்தார்.